ஸ்ப்ளெண்டருக்கு 56 மி.மீ. பிஸ்டன்: மலை ஏற்றத்துக்கு உதவுமா?

ஒடுகத்தூரான்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2006-ஆம் ஆண்டு ஸ்ப்ளெண்டர் பிளஸ் இருக்கிறது. அப்பா வாங்கிய வண்டி, விற்க மனமில்லை. ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைப் பக்கத்து மலைக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிப் போவதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் இரண்டாம் கியரில் ஏறிய இடங்களில் இப்போது முதல் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. வேலூரில் ஒரு பட்டறையில் காட்டினேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடும் இரும்புக் குழாயான பழைய ஸ்லீவை எடுத்துவிட்டுப் பெரிய ஸ்லீவ் போட்டு, 150 சி.சி. வண்டியின் 56 மி.மீ. பிஸ்டனை ஏற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து எட்டாயிரம் ரூபாய் கேட்கிறார்கள். வண்டி 125 போல இழுக்கும் என்கிறார்கள். செய்யலாமா? செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பாலாற்று வேகம்:

தாராளமாகச் செய்யுங்கள் அண்ணா. ஸ்ப்ளெண்டரின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 50 மி.மீ.; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 49.5 மி.மீ. அதனால்தான் 97.2 சி.சி. போரை மட்டும் 56 ஆக்கினால் கிட்டத்தட்ட 122 சி.சி. வந்துவிடும். ஸ்ட்ரோக்கைத் தொட வேண்டாம், கிராங்கைப் பிரிக்க வேண்டாம். கால் பங்கு கொள்ளளவு கூடினால் இழுவையும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் கூடும். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இப்படி ஓடும் வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன். எட்டாயிரத்துக்கு 125 கிடைக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

காட்பாடி லேத்:

ஒடுகத்தூர் தம்பி, பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். லேத் வேலையிலேயே தலை நரைத்தவன் நான். போர் அடிக்கக் கூடாது, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கக் கூடாது, என்று சொல்லும் ஆள் இல்லை, அதில்தான் எனக்குச் சோறு. ஆனால் 50-ஐ 56 ஆக்குவதை யாரும் போர் அடிக்கும் வேலை என்று நினைத்துவிட வேண்டாம். அது பாதி எஞ்சினை மாற்றும் வேலை.

முதலில் இடம். ஸ்ப்ளெண்டரின் சிலிண்டர் படுத்த வாக்கில் இருக்கும் சிறிய பிளாக். நான்கு ஸ்டட், ஒரு பக்கம் டைமிங் செயின் போகும் குழி, ஸ்டட் துளை ஒன்றின் வழியே ஹெட்டுக்கு (சிலிண்டரின் மூடிக்கு) ஆயில். இவற்றுக்கு நடுவே 56 மி.மீ. போர் வேண்டும் என்றால், அதைச் சுற்றி ஸ்லீவின் சுவரும் வேண்டும், அதற்கு வெளியே கேஸ்கெட் உட்கார அலுமினியமும் வேண்டும். சுவர் மெலிந்தால் ஹெட் நட்டை இறுக்கியதுமே போர் வட்டம் கெட்டு முட்டையாகும். ஸ்லீவின் கீழ்முனை கிராங்க் கேஸின் (எஞ்சினின் கீழ்ப்பெட்டியின்) வாய்க்குள் இறங்குகிறது அல்லவா, அந்த வாயையும் கடைய வேண்டும். அதற்கு எஞ்சினை முழுதாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். பிரிக்காமல், துணியை அடைத்துக்கொண்டு கிரைண்டர் பிடிக்கும் ஆட்களும் உண்டு. அந்தத் தூள் எங்கே போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஹெட். அதில் இருக்கும் எரியறை 50 மி.மீ. போருக்காக வார்த்தது. 56 போருக்கு மேல் அதை வைத்தால் சுற்றிலும் 3 மி.மீ. விளிம்பு துருத்தி நிற்கும். வேறு வண்டிப் பிஸ்டனின் தலை உயரம், அதாவது பின் துளையிலிருந்து மேல்தட்டு வரை உள்ள அளவு, ஒத்துவராது. பிஸ்டன் மேலே ஏறி அந்த விளிம்பில் இடிக்கலாம், அல்லது வால்வில் தட்டலாம். பின்னின் குறுக்களவும் சேர வேண்டும். சேராவிட்டால் கனெக்டிங் ராடின் சிறுமுனையில் கை வைக்க வேண்டும். அங்கே ஒரு நூல் கோணினாலும் பிஸ்டன் சாய்ந்து ஓடி ஒரு பக்கத்தை மட்டும் தின்னும்.

மூன்றாவதைத்தான் பட்டறைக்காரர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்: கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள மொத்த இடத்துக்கும், மேலே ஏறியபின் மிஞ்சும் எரியறைக்கும் உள்ள விகிதம். உங்கள் வண்டிக்கு அது 9:1 என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது பங்கில் ஒன்று எரியறை, மீதி எட்டு சிலிண்டர்; ஆகவே 97.2-ஐ 8-ஆல் வகுத்தால் எரியறையின் அளவு 12 சி.சி.க்குச் சற்று மேல் வரும். அந்த அறையைத் தொடாமல் சிலிண்டரை மட்டும் 122 ஆக்கினால் விகிதம் 11:1-க்கு ஏறிவிடும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சரக்கு மூட்டையோடு ஏற்றம், முழு ஆக்ஸிலேட்டர், குறைந்த சுழற்சி, அதன் மேல் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் மே மாத வெயில்: நாக்கிங் வருவதற்கு, அதாவது கலவை நேரம் தவறித் தானே வெடிப்பதற்கு, இதைவிடத் தோதான இடம் கிடையாது. பிஸ்டனின் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான்.

சூட்டைப் பற்றியும் கேளுங்கள். கால் பங்கு அதிகம் பெட்ரோல் எரிந்தால் கால் பங்கு அதிகம் சூடு வெளியேற வேண்டும். சூட்டை வெளியேற்றும் ஃபின் தகடுகள் அதேதான். ஆயில் ஒரு லிட்டர்கூடக் கிடையாது, கூலர் இல்லை. சமவெளியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் காற்று காப்பாற்றும். நீங்கள் போவது மலையில், நடை வேகத்தில்.

ஒடுகத்தூரான்:

அண்ணா, இவ்வளவையும் அந்தப் பட்டறையில் யாரும் சொல்லவில்லை. இணையத்தில் பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு 'கிட்' என்று விற்கிறார்களே, அது பரவாயில்லையா?

மக்கன்பேடா:

ஆர்க்காட்டிலிருந்து எழுதுகிறேன். சிறிய ஹோண்டாக்கள் மேல் எனக்குப் பல வருடப் பித்து, அதனால் இதில் ஒரு வார்த்தை.

கிட் என்ற சங்கதி ஜப்பானில் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் பட்டறைக்காரர் சொல்வதற்கும் அதற்கும் உள்ள தூரம் தெரியும். ஹோண்டா மங்கி 50 என்ற குட்டி வண்டியின் போர் 39 மி.மீ., ஸ்ட்ரோக் 41.4 மி.மீ. அதற்கு டகேகவா நிறுவனம் 52 மி.மீ. போருள்ள கிட் விற்கிறது. 49 சி.சி. வண்டி 88 சி.சி. ஆகிவிடும், ஏறக்குறைய 80 சதவீத உயர்வு. பிற்காலத்தில் வந்த 125 சி.சி. ஹோண்டா குரோம் (Grom) வண்டிக்கு 63 மி.மீ. பிஸ்டனோடு 181 சி.சி. கிட் உண்டு. நம் ஸ்ப்ளெண்டரின் எஞ்சினும் அதே படுத்த சிலிண்டர் குடும்பம்தான். ஆகவே அடிப்படையில் முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே அந்தப் பிளாக்கை அந்த வண்டிக்காகவே வார்க்கிறார்கள். பிஸ்டனின் தலையை அந்த ஹெட்டுக்குப் பொருந்தக் குழிக்கிறார்கள். கேம், கார்புரேட்டர் அல்லது இன்ஜெக்‌ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டி, கனத்த கிளட்ச், கூடுதல் ஆயில் பம்ப், ஆயில் கூலர் எல்லாம் அதற்கு ஒத்துப்போகும்படி தனித்தனியாகக் கிடைக்கும். எந்தக் கிட்டுக்கு எவையெல்லாம் கட்டாயம் என்று தாளில் எழுதிக் கொடுப்பார்கள். இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் நாடுகளிலும் இது பெரிய தொழில். நம் ஊரில் கிட் என்று சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் வேறொரு வண்டியின் பிஸ்டனும், யாரோ கடைந்த ஸ்லீவும்தான். பெட்டியில் போட்டுவிட்டால் மட்டும் அது கிட் ஆகிவிடாது.

பாலாற்று வேகம்:

பயமுறுத்துவது எளிது. யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ 135 ஆக்கி எத்தனை பேர் ஓட்டினார்கள்? இரண்டுக்கும் ஸ்ட்ரோக் 50 மி.மீ.தான். போர் 50 இருந்தால் 98 சி.சி., 58 இருந்தால் 132 சி.சி. அந்தக் காலத்தில் யார் கம்ப்ரஷன் கணக்குப் போட்டார்கள்? பழைய பல்சர் 150-யும் 180-யும் அப்படித்தான். ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 56.4 மி.மீ., போர் மட்டும் 57, 63.5.

முள்ளுக்கத்திரி:

ஆர்எக்ஸ் பெயரை எடுத்துவிட்டார். இனி இரண்டு பக்கத்துக்கு ஸ்ப்ளெண்டரை மறந்துவிடலாம்.

காட்பாடி லேத்:

வேகம் தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு உதாரணமும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி சொல்கின்றன. 135-இன் பிளாக், ஹெட், பிஸ்டன் மூன்றையும் யமஹா கணக்குப் போட்டுச் செய்தது. 180-இன் பிளாக்கும் ஹெட்டும் பஜாஜ் செய்தவை. தொழிற்சாலை செய்த பாகத்தைத் தொழிற்சாலை செய்த இன்னொரு எஞ்சினில் பொருத்துவது வேறு. அதோடு ஆர்எக்ஸ் இரண்டு ஸ்ட்ரோக். வால்வு இல்லை, கேம் இல்லை, செயின் குழி இல்லை. ஹெட் என்பது ஒரு மூடி. கம்ப்ரஷனைக் குறைக்க அந்த மூடியைக் கடைந்தால் போதும். ஸ்ப்ளெண்டர் ஹெட்டில் அந்தச் சுதந்திரம் கிடையாது.

இன்னொன்று, ஸ்ப்ளெண்டருக்கும் தொழிற்சாலை வழி ஒன்று உண்டு. 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று மேலளவுப் பிஸ்டன்கள் கடையிலேயே கிடைக்கும். கடைசி அளவுக்குப் போனால் போர் 51 மி.மீ., அதாவது 101 சி.சி. அதற்கு மேல் ஸ்லீவ் தாங்காது என்று தயாரித்தவர்களே கோடு போட்டுவிட்டார்கள்.

கோட்டை அகழி:

எஞ்சின் உள்விவரம் எனக்குத் தெரியாது. விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் இடத்தில் என் வேலை. யாரும் தொடாத பக்கத்தை நான் சொல்கிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் சி.சி. ஒரு விவரம். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. ஒடுகத்தூர் நண்பர் ஓட்டுவது பிழைப்புக்கான வண்டி. அது நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

பாலாற்று வேகம்:

சார், பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று போரை அளக்கவா போகிறார்கள்? எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கிறது. பிளாக்கை மாற்றினாலும் எண் மாறாது. மூன்றாம் நபர் இன்சூரன்சும் 75 முதல் 150 சி.சி. வரை ஒரே கட்டணம். 97 ஆனாலும் 122 ஆனாலும் அதே பிரிவுதானே?

கோட்டை அகழி:

சாலையில் யாரும் அளக்க மாட்டார்கள் என்பது உண்மை. விபத்து நடந்து ஒருவர் கை கால் இழந்தபின், எதிர்த்தரப்பு வக்கீல் வண்டியை ஆய்வுக்கு அனுப்பக் கேட்டால் அளப்பார்கள். கட்டணப் பிரிவு ஒன்றுதான் என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் காப்பீடு செய்தது ஆர்.சி.யில் உள்ள வண்டியை. நிபந்தனை மீறல் நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு அதை உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிப்பதுண்டு. அந்தத் தொகை எட்டாயிரத்தில் நிற்காது.

விசைக்கணக்கு:

ஒடுகத்தூரான் தம்பி, பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் நான். ஒரு எளிய கேள்வி. உங்களுக்கு வேண்டியது சி.சி.யா, ஏறும் இழுவையா?

இழுவை என்றால் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தை, பாருங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல் இருந்தால் அதை 13 ஆக்குங்கள். பின் சக்கரத்துக்கு வரும் இழுவை ஒவ்வொரு கியரிலும் ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். எஞ்சினைத் திறக்க வேண்டாம், செலவு சில நூறு ரூபாய். சமவெளியில் அதே வேகத்துக்கு எஞ்சின் சற்று அதிகமாகச் சுழலும், மைலேஜ் கொஞ்சம் குறையும், உச்ச வேகமும் குறையலாம். மளிகை மூட்டையோடு உச்ச வேகம் எதற்கு? ஸ்ப்ளெண்டரில் ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருவதால் முள்ளும் சரியாகவே காட்டும்.

மலையில் ஒரு பகுதி இழப்பு வண்டியின் குற்றம் அல்ல. நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு சதவீத சக்தி போகும், காற்று மெலிகிறது. ஏலகிரி உயரத்தில், அதாவது ஆயிரத்து நூறு மீட்டர் அளவில், பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அந்த இழப்பு 122 சி.சி.க்கும் அதே விகிதத்தில் உண்டு.

ஆனால் உங்கள் முதல் பதிவில் என் கண்ணில் பட்டது வேறொன்று. முன்பு இரண்டாம் கியரில் ஏறியது என்கிறீர்கள். மலை வளரவில்லை. அப்படியானால் குறைந்தது எஞ்சின்தானே? பிறந்தபோது இருந்த சக்தியே இப்போது இல்லாத எஞ்சினின் மேல் பெரிய பிஸ்டனை ஏன் ஏற்ற வேண்டும்?

காட்பாடி லேத்:

அம்மா சொன்னதுதான் சரி. நான் போர் கணக்கில் இறங்கி நோயை விட்டுவிட்டு மருந்தைப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, பிளாக்கைக் கழற்றுவதற்கு முன் ஒரு கசிவுச் சோதனை செய்யுங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள், குறைந்தால் பிளக் துளையில் ஆயில் ஊற்றி மறுபடி பார்ப்பார்கள். ஆயில் ஊற்றியதும் அழுத்தம் கூடினால் ரிங் தேய்ந்திருக்கிறது, கூடாவிட்டால் வால்வு என்று முடிவு கட்டுவார்கள். நிமிர்ந்த சிலிண்டருக்கு அது சரி. ஸ்ப்ளெண்டர் சிலிண்டர் படுத்திருப்பதால் ஆயில் அடிப்பக்கம் மட்டும் தேங்கும், ரிங்கைச் சுற்றிப் பரவாது. அந்த முடிவை நம்ப வேண்டாம்.

அதற்குப் பதில் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர் போதும். பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் மேல்முனையில் நிறுத்துங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும். நான்காம் கியரைப் போட்டுப் பின் பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் காற்று பிஸ்டனைத் தள்ளிவிடும். பிளக் துளையில் பழைய பிளக்கின் உடம்பை வைத்துச் செய்த குழாயைப் பொருத்திக் காற்றை விடுங்கள். பிறகு காதை வையுங்கள். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங்கும் போரும். கூடவே கிளட்ச் நழுவுகிறதா, பின் பிரேக் உராய்கிறதா, செயின் காய்ந்திருக்கிறதா, ஏர் ஃபில்டர் கடைசியாக எப்போது மாறியது, இவற்றையும் பாருங்கள். மலைச் சாலைத் தூசியில் ஃபில்டர் அடைத்தே பாதி வண்டிகள் மூச்சுத் திணறுகின்றன.

ஒடுகத்தூரான்:

தாமதத்துக்கு மன்னிக்கவும், பொங்கல் சரக்கு ஏற்றும் வேலை. அணைக்கட்டில் தெரிந்த மெக்கானிக் ஒருவரோடு சோதித்துப் பார்த்தேன். ஆயில் வாயில் நன்றாகவே சீறியது. சைலன்சரிலும் மெல்லிய சத்தம் இருந்தது. பிளாக்கைக் கழற்றினோம். போரின் மேல்பகுதியில் நகம் தட்டும் அளவுக்கு வரம்பு விழுந்திருக்கிறது. பிஸ்டன் இன்னும் கம்பெனி அளவுதான், ஒரு முறைகூடப் போர் அடிக்கவில்லை. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் கரி. ஏர் ஃபில்டரைப் பற்றிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

0.50 போர், கம்பெனி பிஸ்டன், ரிங், வால்வு கிரைண்டிங், கேஸ்கெட் செட் எல்லாம் சேர்த்தாலும் அந்த எட்டாயிரத்தில் பாதிகூட வரவில்லை. 13 பல் ஸ்பிராக்கெட்டும் வாங்கிவிட்டேன்.

பாலாற்று வேகம்:

உங்களுக்கு அது சரி அண்ணா. என் கேள்வி வேறு. என்னிடம் ஆர்.சி. ரத்தான ஸ்ப்ளெண்டர் ஒன்று கிடக்கிறது. சொந்த நிலத்தில் மண் பாதையில் ஓட்ட மட்டும். அதில் 56 போட்டுப் பார்க்காமல் விடுவதாக இல்லை. லேத் அண்ணா, திட்டிக்கொண்டாவது வழி சொல்லுங்கள்.

காட்பாடி லேத்:

திட்டவில்லை. கற்றுக்கொள்ள அதுதான் சரியான வண்டி.

எஞ்சினை முழுதாகப் பிரித்து, கிராங்க் கேஸ் வாயை லேத்திலோ மில்லிங்கிலோ கடையுங்கள், கையில் கிரைண்டர் வேண்டாம். பிஸ்டனை முதலில் வாங்குங்கள், பிறகு அதை அளந்து அதற்கேற்பப் போர் அடியுங்கள். போர் முடிந்ததும் ஹோனிங்கில் குறுக்குக் கோடுகள் விழ வேண்டும், கண்ணாடி போல மின்னினால் ஆயில் நிற்காது. ரிங்கைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன் போருக்குள் தனியாக இறக்கி முனை இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 56 போருக்கு 0.2 மி.மீ.யை ஒட்டி இருக்கலாம். முனைகள் முட்டிக்கொண்டால் சூட்டில் ரிங் விரிய இடமில்லாமல் சுவரைக் கீறும்.

மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் போன்ற மாடலிங் கிளேயை ஒட்டி, ஹெட்டை இறுக்கிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றுங்கள். எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே இடிக்கப்போகிறது. எரியறையை விரித்த பிறகு அதன் கொள்ளளவை ஊசிச் சிரிஞ்சில் ஆயில் விட்டு அளந்து விகிதத்தைக் கணக்கிடுங்கள். 9.5-க்கு மேல் போகாதீர்கள்.

கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டைக் கூட்டியே ஆக வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்கு அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும், ஆகவே பழைய ஜெட்டில் ஏற்கெனவே கலவை மெலிந்துதான் ஓடுகிறது. பிளக் வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள், இளம் பழுப்பு வந்தால் சரி. வேறு பிஸ்டன் கனமாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில் நடுங்கும். கிராங்கின் எதிர்எடை பழைய பிஸ்டனுக்காகச் செய்தது, அதற்கு மருந்து இல்லை. பிரேக் டிரம் என்பதையும் மறக்க வேண்டாம், மண் பாதையானாலும் ஹெல்மெட் போடுங்கள்.

முள்ளுக்கத்திரி:

வேகம் தம்பி, வேலை நடக்கும்போது படம் போடுங்கள். ஆர்எக்ஸ் படம் வேண்டாம்.

ஒடுகத்தூரான்:

வண்டி நேற்று ஓடத் தொடங்கியது. காலியாகப் போனபோது பீஞ்சமந்தை வளைவுகளில் இரண்டாம் கியர் போதுமாக இருந்தது. மெக்கானிக் முதல் 500 கிலோமீட்டர் வரை மூட்டை ஏற்றாதே என்கிறார். கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். பாதிச் சரக்கு ஏற்றினால் கெட்டுவிடுமா?

காட்பாடி லேத்:

பாதிச் சரக்கு ஏற்றலாம், எஞ்சினைத் திணறவிடக் கூடாது. மூச்சு வாங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். ஏற்றம் முடிந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். 500-இல் ஆயிலை மாற்றுங்கள், வடித்த ஆயிலைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், இரும்புப் பொடி அதிகம் மின்னினால் எனக்குச் சொல்லுங்கள். அன்றே எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) இடைவெளியையும் சரிபார்க்கச் சொல்லுங்கள், வால்வு புதிதாக உட்கார்ந்திருப்பதால் அது மாறியிருக்கும்.